துருக்கி: மதத்தை விலக்கிய அரசு மதத்தை வைத்தே ஆள் எண்ணியது ஏன்?

வழிப்போக்கன் எழுதியது:

சென்ற மாதம் இஸ்தான்புல்லில் ஆறு நாள் இருந்தேன். எல்லோரும் பார்க்கும் இடங்களை இரண்டு நாளில் முடித்துவிட்டு, பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கும் பாலிக்லி என்ற கிரேக்க மடத்துக்குப் போனேன். 'மீனுள்ள இடம்' என்று பொருள். 1453இல் நகரம் வீழ்ந்த செய்தி வந்தபோது ஒரு துறவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாராம். "இந்த மீன் உயிர் பெற்றால்தான் நம்புவேன்" என்றாராம். பாதி வெந்த மீன்கள் சட்டியிலிருந்து துள்ளிச் சுனைக்குள் விழுந்தனவாம். அவற்றின் வாரிசுகளை இன்றும் காட்டுகிறார்கள்.

மீனைவிட முற்றம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தரை முழுவதும் பழைய கல்லறைக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். சில கற்களில் இறந்தவரின் தொழில் கருவி செதுக்கப்பட்டிருக்கிறது. கணிதம் படித்த புண்ணியத்தில் எனக்குக் கிரேக்க எழுத்தைக் கூட்டிப் படிக்க வரும். கூட்டிப் பார்த்தால் பல கற்களில் ஒரு சொல்கூடக் கிரேக்கமாக ஒலிக்கவில்லை. அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். எழுத்துதான் கிரேக்கம், மொழி துருக்கி என்றார். நம் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்களே, அந்த அரபுத்தமிழ் நினைவுக்கு வந்தது.

அந்த மக்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். அனத்தோலியாவில் இருந்தவர்களை 1923 ஒப்பந்தப்படி கிரீசுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். துருக்கிக் குடியரசு பிறந்ததும் அதே ஆண்டில்தான். மதச்சார்பின்மைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் நாம் படித்த அதே குடியரசு. மதம் வேறு அரசு வேறு என்றவர்கள், தங்கள் மொழியையே பேசிய மக்களை மதத்தைக் காட்டி ஏன் வெளியேற்றினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல இடத்தில் நுழைந்திருக்கிறீர்கள். அந்தக் கற்களுக்கு உரியவர்களைக் கரமன்லிகள் என்பார்கள். நடு அனத்தோலியாவில் கப்படோக்கியா, நிய்தே, கைசேரி பக்கத்து வைதீக (ஆர்த்தடாக்ஸ்) கிறிஸ்தவர்கள். வீட்டு மொழியும் துருக்கி, வழிபாட்டில் கேட்ட பிரசங்கமும் பெரும்பாலும் துருக்கி.

1923 ஜனவரி 30 அன்று ஸ்விட்சர்லாந்தின் லோசானில் கிரீசும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதில் மொழியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. துருக்கியிலிருந்து போக வேண்டியவர்கள் 'கிரேக்க வைதீக மதத்தைச் சேர்ந்தவர்கள்'. கிரீசிலிருந்து வர வேண்டியவர்கள் 'முஸ்லிம் மதத்தைச் சேர்ந்தவர்கள்'. துருக்கி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரீசில் இறங்கினார்கள். கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீத் தீவு முஸ்லிம்கள் துருக்கிக் கரையில் இறங்கினார்கள். இரு பக்கமும் உள்ளூர்க்காரர்கள் அவர்களை அந்நியராகத்தான் பார்த்தார்கள். சுமார் 12 லட்சம் பேர் அந்தப் பக்கம், 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தப் பக்கம். அந்த 12 லட்சத்தில் பெரும்பாலோர் 1922 போரின்போதே தப்பி ஓடியவர்கள். உடன்படிக்கை அவர்கள் திரும்பி வரும் வழியை அடைத்தது.

மொழியே உயிர் என்று வளர்ந்த நமக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். துருக்கித் தேசியவாதமும் மேடையில் மொழியைத்தான் பேசியது. 1928இல் சட்டக் கல்லூரி மாணவர்கள் "குடிமகனே, துருக்கியில் பேசு" என்று இயக்கம் நடத்தி, படகிலும் டிராமிலும் வேறு மொழி பேசியவர்களை அதட்டினார்கள். ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்று பதிவேட்டில் எழுதும் நேரம் வந்தபோது மொழியை ஓரமாக வைத்துவிட்டு மதத்தைக் கேட்டார்கள்.

இதற்கு ஒரு மனிதரே சாட்சி. பாப்பா எஃப்திம் என்ற கரமன்லிப் பாதிரியார், போரில் முஸ்தபா கெமாலின் (பின்னாளைய அதாதுர்க்) பக்கம் நின்றார். "நாங்கள் கிறிஸ்தவத் துருக்கியர்" என்று சொல்லி, இஸ்தான்புல்லில் உள்ள மறைமுதல்வரை (கிரேக்க வைதீகத் திருச்சபையின் தலைவர்) எதிர்த்துத் தனித் துருக்கி வைதீகத் திருச்சபையே தொடங்கினார். பரிமாற்றத்தின்போது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் விலக்குக் கிடைத்தது. அவரை நம்பிய மக்கள் கப்பல் ஏறினார்கள்.

---

கறார்பேர்வழி எழுதியது:

ஒரு பக்கக் கதை ஓடுகிறது. மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன்.

1919 மே மாதம் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. மூன்று ஆண்டுகள் உள்நாட்டுக்குள் போர். பால்கனிலும் காக்கசசிலும் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தக் காயத்தோடு லோசானில் உட்கார்ந்த ஆட்களிடம் இன்றைய ஐரோப்பிய நீதிமன்றத்தின் அளவுகோலை நீட்டக் கூடாது. பரிமாற்றத்தைக் கிரேக்கத் தலைவர் வெனிசெலோசும் விரும்பினார். சர்வதேச சங்கத்தின் நான்சென் முன்னின்று நடத்தினார். கெமால் மட்டும் பெட்டி கட்டி அனுப்பவில்லை.

அடுத்து, மதச்சார்பின்மை என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 1924இல் கலீபா பதவி ஒழிந்தது. 1926இல் ஸ்விட்சர்லாந்துச் சட்டத்தைத் தழுவிக் குடிமைச் சட்டம் வந்தது. முஸ்லிம் பெண்ணுக்கும் யூதப் பெண்ணுக்கும் ஒரே திருமணச் சட்டம். 1934இல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை. 1933இல் ஹிட்லர் துரத்திய யூதப் பேராசிரியர்களுக்கு இஸ்தான்புல் பல்கலைக்கழகம் வேலை கொடுத்தது. லாயிக்லிக் (மதச்சார்பின்மைக்குத் துருக்கிச் சொல்) இல்லாத துருக்கியில் சிறுபான்மையினர் இதைவிட நன்றாக இருந்திருப்பார்கள் என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

கறார்பேர்வழி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு படி அவர் பக்கமே போகிறேன். 1914இல் இன்றைய துருக்கி நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம் அல்லாதவர். 1927 கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. 1915இல் ஆர்மீனியருக்கும் அசிரியருக்கும் நடந்த பேரழிவு, போர், பரிமாற்றம் எல்லாம் லாயிக்லிக் என்ற சொல் அரசமைப்புக்குள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. (அந்தச் சொல் 1937 பிப்ரவரியில்தான் ஏறியது.) எனவே 'மதச்சார்பின்மைதான் விரட்டியது' என்றால் அது பிழை.

ஆனால் எஞ்சிய அந்தச் சிலரை அந்த அரசு எப்படி நடத்தியது? அதைப் பார்க்காமல் சான்றிதழ் கொடுக்க முடியாது. 1926 அரசு ஊழியர் சட்டம் வேலைக்கு வர 'துருக்கியராக' இருக்க வேண்டும் என்றது. 'துருக்கிக் குடிமகன்' என்று எழுதவில்லை. அந்தச் சொல்லைத் திருத்த 1965 ஆயிற்று. குடிமகன் வேறு, துருக்கியன் வேறு என்று ஓர் அரசே எழுதி வைத்தால், நடுவில் விழுபவர் யார் என்று யூகிக்கப் பெரிய புலமை தேவையில்லை.

//ஒரே திருமணச் சட்டம்//

உண்மை. அதற்காக யூதர், ஆர்மீனியர், கிரேக்கர் மூவரும், பரிமாற்ற உடன்படிக்கைக்குப் பிறகு அதே 1923 ஜூலையில் கையெழுத்தான லோசான் அமைதி ஒப்பந்தத்தின் 42ஆம் பிரிவு தந்த குடும்பச் சட்ட உரிமையை 'தாங்களே முன்வந்து' விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கால அங்காராவில் சிறுபான்மைச் சபைகள் எவ்வளவு தாங்களாக முன்வந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

---

புறாக்கூண்டு எழுதியது:

லாயிக்லிக் என்றால் பிரான்சில் இருப்பது போலத்தானே? அரசு எந்த மதத்துக்கும் காசு கொடுக்காது, எதிலும் தலையிடாது?

---

அகழி எழுதியது:

சொல்தான் பிரான்சிலிருந்து வந்தது. பிரான்சில் 1905 சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. துருக்கியில் பிரிக்கவில்லை, அரசு மதத்தைத் தன் அலுவலகத்துக்குள் உட்கார வைத்தது.

கலீபா பதவியை ஒழித்த அதே நாளில், 1924 மார்ச் 3 அன்று, தியானெத் என்ற மத விவகாரத் துறை பிறந்தது. இமாம்கள் அரசு ஊழியர்கள். சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் அங்காராவிலிருந்து வருகிறது. 1932 முதல் 1950 வரை பாங்கு எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதைக்கூட அரசு தீர்மானித்தது. அரபியில் சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1925இல் சூஃபி மடங்கள் அத்தனையும் சட்டத்தால் மூடப்பட்டன. அவற்றோடு, சுன்னிகளிலிருந்து வேறுபட்ட தனி வழிபாட்டு மரபு கொண்ட அலெவிகளின் வழிபாட்டு வாழ்வும் தலைமறைவானது.

தியானெத் பேசுவது சுன்னி இஸ்லாம், அதிலும் ஹனஃபி மரபு. அலெவிகளும் வரி கட்டுகிறார்கள், அந்த வரியில் சுன்னி இமாமுக்குச் சம்பளம் போகிறது. அலெவிகள் எத்தனை பேர் என்பதில் சண்டை உண்டு. நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை சொல்வார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் நாட்டின் மிகப் பெரிய மதச் சிறுபான்மை அவர்கள்தான். ஆனால் லோசான் ஒப்பந்தம் 'முஸ்லிம் அல்லாத' சிறுபான்மையை மட்டுமே பேசுகிறது. அலெவிகள் முஸ்லிம்களாக எண்ணப்படுவதால் அதில் இடமில்லை. அவர்கள் கூடி வழிபடும் ஜெம் இல்லம் வழிபாட்டுத் தலமா என்று கேட்டால், முஸ்லிமின் வழிபாட்டுத் தலம் மசூதிதான் என்று தியானெத் பதில் சொல்லும். இந்தக் கதவும் அடைப்பு, அந்தக் கதவும் அடைப்பு.

இதன் உச்சம் 1982 அரசமைப்பு. எழுதியது ராணுவம், லாயிக்லிக்கின் காவலர் என்று மார்தட்டிய அதே ராணுவம். அதுதான் பள்ளியில் மதப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. கிறிஸ்தவ, யூதப் பிள்ளைகள் தங்கள் மதத்தைச் சொல்லி விலக்குப் பெறலாம். அலெவிப் பிள்ளைக்கு விலக்கு இல்லை. 2007இல் ஓர் அலெவித் தந்தையும் மகளும் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது தவறு என்றது. 2014இல் மறுபடியும் சொன்னது. 2016இல் அதன் பெரிய அமர்வு, அலெவிகளுக்கு மதச் சேவைகள் மறுக்கப்படுவதே பாகுபாடு என்றது. பாடம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அதே அரசமைப்பின் 136ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பு வரும். தியானெத் 'மதச்சார்பின்மைக் கொள்கைக்கு இணங்க', 'தேச ஒற்றுமையை நோக்கமாகக் கொண்டு' பணியாற்ற வேண்டுமாம். மதத் துறைக்கு இட்ட வேலை தேச ஒற்றுமை. வழிப்போக்கன் கேட்டதற்கு என் பதில் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

---

புறாக்கூண்டு எழுதியது:

அப்படியானால் நம் அறநிலையத் துறை மாதிரி?

---

அகழி எழுதியது:

இல்லை. கோயில் சொத்தின் வரவு செலவைப் பார்ப்பது வேறு, பிரசங்கம் எழுதிக் கொடுப்பது வேறு. தியானெத்தைக் கலைக்க வேண்டும் என்று கட்சித் திட்டத்தில் எழுதியதும் ஒரு காரணமாக, 1993இல் துருக்கி அரசமைப்பு நீதிமன்றம் ஒரு கட்சியையே மூடியது. அரசு மதத்தை விட்டு விலகட்டும் என்று கேட்பது அங்கே மதச்சார்பின்மைக்கு எதிரான குற்றம்!

---

நெறியாளர் எழுதியது:

அறநிலையத் துறைக்குத் தனி இழை இருக்கிறது, 400 பதிவைத் தாண்டி ஓடுகிறது. இங்கே துருக்கி மட்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்குத் தெரிந்தது வரி. ஆகவே வரியைப் பற்றிச் சொல்கிறேன்.

1942 நவம்பர் 11. போர்க்காலம், துருக்கி நடுநிலை, விலைவாசி விண்ணில். பிரதமர் சராச்சோலுவின் அரசு 'செல்வ வரி' என்று ஒரே முறை வசூலிக்கும் வரியைக் கொண்டுவந்தது. சட்ட வாசகத்தில் மதம் இல்லை, இனம் இல்லை, பழுதில்லாத சட்டம். ஆனால் வரி அலுவலகத்தின் உள் பதிவேட்டில் நான்கு எழுத்துகள் இருந்தன. 'எம்' என்றால் முஸ்லிம். 'ஜி' என்றால் முஸ்லிம் அல்லாதவர். 'ஈ' என்றால் அயல்நாட்டார். 'டி' என்றால் தொன்மே. ஒரே தெருவில் ஒரே அளவு கடை வைத்திருந்த இருவரில் 'ஜி' பிரிவுக்காரருக்குப் பல மடங்கு வரி, சில வேளை பத்து மடங்குவரை. மேல்முறையீடு கிடையாது. கெடு 15 நாள். கட்ட முடியாவிட்டால் கடையும் வீடும் மெத்தையும் ஏலம். அதன் பிறகும் பாக்கி இருந்தால் எர்சுரும் அருகே அஷ்காலே முகாமில் கல் உடைக்க வேண்டும், பனி வாற வேண்டும். சுமார் 1,400 பேர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், 21 பேர் அங்கேயே இறந்தார்கள். 1944 மார்ச்சில் வரி ரத்தானது. போன கடை போனதுதான்.

இதெல்லாம் வதந்தி என்று சொல்ல வருபவர்களுக்கு: அன்று இஸ்தான்புல் நிதித் துறைத் தலைவராக இருந்த ஃபாயிக் ஒக்தே என்பவரே 1951இல் புத்தகமாக எழுதி ஒப்புக்கொண்டார். வசூலித்த கையே எழுதிய சாட்சி.

என்னை உறுத்துவது அந்த 'டி'. தொன்மேக்கள் 17ஆம் நூற்றாண்டில் யூத மதத்திலிருந்து இஸ்லாத்துக்கு மாறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். ஏறத்தாழ 275 ஆண்டு முஸ்லிம்கள். அவர்களுக்கும் தனி எழுத்து, முஸ்லிமைவிட இரு மடங்கு வரி. மதம்தான் அளவுகோல் என்றால் இவர்கள் 'எம்' பட்டியலில் இருந்திருக்க வேண்டும். அங்கே மதம் என்பது நம்பிக்கையைக் குறிக்கவில்லை, பிறப்பைக் குறித்தது. சாதிச் சான்றிதழ் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

லாயிக்லிக் அரசமைப்பில் ஏறி அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. ஏற்றிய கட்சியும் வரி போட்ட கட்சியும் ஒன்றே.

---

சாயப்பட்டறை எழுதியது:

நான் திருப்பூர்க்காரன். ஆடை ஏற்றுமதி வேலையாக இஸ்தான்புல்லில் நான்கு ஆண்டு இருந்தேன். குர்துலுஷ் என்ற பகுதியில் வாடகை வீடு. 'விடுதலை' என்று பொருள். 1929இல் பெருந்தீயில் எரிவதற்கு முன் அதன் பெயர் தத்தாவ்லா, கிரேக்கர்களின் இடம். எரிந்த பிறகு பெயரும் மாறிவிட்டது. ஏறக்குறைய எல்லாத் தெருவுக்கும் அங்கே இப்படி ஒரு முந்தைய பெயர் உண்டு.

மாடி வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆர்மீனியப் பாட்டி. அவரிடம்தான் வாழைக்காய் கிடைக்காத ஊரில் கத்தரிக்காயை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்று கற்றுக்கொண்டேன். ஒரு நாள் என் மகள் தெருவில் "அம்மா" என்று உரக்கக் கூப்பிட்டாள். பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்கள் சிறுவயதில் வீட்டுக்குள் 'மாமா' என்போம், வாசல்படி தாண்டினால் 'அன்னே' என்போம். யாரும் அடித்துச் சொல்லித் தரவில்லை. எங்களுக்கே தெரியும்." ஆர்மீனியத்தில் மாமா என்றால் அம்மா, அன்னே துருக்கிச் சொல்.

கணக்குப்பிள்ளை எழுதியதைப் படித்ததும் அவர் நினைவு வந்துவிட்டது. அவருடைய அப்பா தையற்காரர். இயந்திரம் ஏலத்தில் போயிற்றாம். பிறகு வேறு ஒருவர் கடையில், தன் பழைய இயந்திரத்திலேயே, கூலிக்குத் தைத்தாராம். இதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. "நல்ல சிங்கர்" என்றார்.

---

கறார்பேர்வழி எழுதியது:

செல்வ வரியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி. 1955 செப்டம்பர் 6, 7 கலவரத்தின்போது ஆட்சியில் இருந்தது யார்? அரபியில் பாங்கு சொல்ல மீண்டும் அனுமதித்த மெந்தெரெசின் ஜனநாயகக் கட்சி. மதப் பற்றாளர்களின் கட்சி. கிரீசின் சலோனிக்காவில் அதாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்தது என்று மாலைப் பத்திரிகை பரபரப்பாக எழுதியது. ஒரே இரவில் கிரேக்கர்களின் ஆயிரக்கணக்கான கடைகளும் வீடுகளும் 70க்கும் மேற்பட்ட தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. லாயிக்லிக்கைத் தளர்த்தியவர்கள் காலத்தில் நடந்த மிக மோசமான சம்பவம் இது. 1964இல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை 20 கிலோ சாமானோடும் 200 லிராவோடும் வெளியேற்றியபோது மறுபடி கெமாலின் கட்சி, இஸ்மத் இனோனு பிரதமர். இரண்டு தரப்பும் இதைச் செய்தன என்றால், மதச்சார்பின்மையை ஏன் இழுக்கிறீர்கள்? சைப்ரஸ் தீவுக்காகக் கிரேக்கரும் துருக்கியரும் மோதிய பிரச்சினையைப் பேசுங்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பரே, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். சைப்ரசில் சண்டை என்றால் இஸ்தான்புல் மளிகைக்காரர் ஏன் பெட்டி கட்ட வேண்டும்? அவர் பிறந்தது, வரி கட்டியது எல்லாம் அங்கே. அவரைக் குடிமகனாகக் கருதாமல் கிரீசின் பிணையாளாகக் கருதியதால்தான். மதப் பற்றாளர் ஆட்சியிலும் அப்படியே, மதச்சார்பற்றவர் ஆட்சியிலும் அப்படியே. இரண்டு தரப்பும் ஒரே தேசியவாதத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. அதில் துருக்கியன் என்பவன் பிறப்பால் முஸ்லிம். தொழுகிறானா குடிக்கிறானா என்பது இரண்டாம் கேள்வி.

நான் லாயிக்லிக்கைக் குறை சொல்வது ஒரு காரணத்துக்காகத்தான். நடுவராக நின்று தடுத்திருக்க வேண்டியது அது. தடுக்கவில்லை. பல நேரம் அதுவே கருவியாயிற்று. இஸ்தான்புல் அருகே ஹேபெலியாதா தீவில் 1844 முதல் இருந்த வைதீகக் குருமடத்தை யாரும் கல்லெறிந்து மூடவில்லை. 1971இல் தனியார் உயர்கல்வி கூடாது என்ற பொதுவான தீர்ப்பில் அது மூடிக்கொண்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் பிறகு நாடெங்கும் முளைத்தன. குருமடத்துக்கு மட்டும் அரை நூற்றாண்டாகப் பூட்டு. மறைமுதல்வர் துருக்கிக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அவரைப் பயிற்றுவிக்கும் ஒரே பள்ளிக்கு அரசுப் பூட்டு. இப்போதைய மறைமுதல்வர் பர்த்தலமேயு அங்கே 1961இல் படித்து முடித்தவர்.

வழிப்போக்கனுக்கு இன்னொரு செய்தி. நீங்கள் மீன் பார்த்த மடத்தின் அருகே பாலிக்லி கிரேக்க மருத்துவமனை இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? துருக்கிச் சிறுபான்மைச் சொத்து வரலாற்றில் மிக மோசமான தீர்ப்பு அதன் அறக்கட்டளை வழக்கில்தான் வந்தது. 1936இல் எல்லா அறக்கட்டளைகளும் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். கொடுத்தார்கள், கோப்பில் கிடந்தது. 1974இல், சைப்ரஸ் பதற்றத்தின் நடுவே, மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: அந்தப் பட்டியலே உங்கள் சாசனம், அதற்குப் பிறகு வாங்கியதோ தானமாக வந்ததோ செல்லாது. காரணம், 'துருக்கியர் அல்லாதவர்' உருவாக்கிய அமைப்புகள் நிலம் வாங்கத் தடை உண்டாம். வழக்காடியவர்கள் துருக்கிக் குடிமக்கள்!

---

அகழி எழுதியது:

அந்தத் தீர்ப்பின் வாலில் தூஸ்லா முகாம் கதையும் உண்டு. இஸ்தான்புல்லின் ஆர்மீனியப் புராட்டஸ்டன்ட் அறக்கட்டளை 1962இல் கடலோரம் ஒரு நிலம் வாங்கியது. அனாதைப் பிள்ளைகளே மண் சுமந்து, மரம் நட்டுக் கட்டிய கோடை முகாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஹ்ராந்த் திங்க். வளர்ந்து அந்த முகாமையே நடத்தினார். 1936 பட்டியலில் இல்லாத நிலம் என்று வழக்குப் போட்டு, 1983இல் பிடுங்கிப் பழைய உரிமையாளரிடம் கொடுத்தார்கள். 1996இல் திங்க் 'ஆகோஸ்' வார இதழைத் தொடங்கினார். 2005இல் 'துருக்கியத்தை இழிவுபடுத்தினார்' என்று தண்டனை. 2007 ஜனவரி 19 அன்று பத்திரிகை அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இல் முகாமை இடிக்க எந்திரம் வந்தபோது இளைஞர்கள் ஆறு மாதம்வரை அங்கேயே கிடந்து காத்தார்கள். நிலம் அறக்கட்டளைக்குத் திரும்பியது.

2013இல் அதே ஆகோஸ் இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை ஆர்மீனியப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, குடும்பப் பதிவேட்டில் ரகசிய எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் கடிதம் அகப்பட்டது. கிரேக்கர் 1, ஆர்மீனியர் 2, யூதர் 3. கணக்குப்பிள்ளை சொன்ன நான்கு எழுத்துகள் எண்ணாக மாறி உயிரோடு இருந்திருக்கின்றன.

---

புறாக்கூண்டு எழுதியது:

இப்போது இருபது ஆண்டுக்கு மேலாக எர்தோவான் ஆட்சி. லாயிக்லிக் வலுவிழந்துவிட்டது. சிறுபான்மையினருக்கு நல்லதா கெட்டதா?

---

அகழி எழுதியது:

இரண்டும். 1936 பட்டியலில் இருந்தும் பிடுங்கப்பட்ட சொத்துகளைத் திருப்பித் தர 2011இல் அரசாணை வந்தது. பழைய லாயிக்லிக்காரர்கள் செய்யாதது. 2023 அக்டோபரில் இஸ்தான்புல்லின் யெஷில்கோய் பகுதியில் சிரியாக் கிறிஸ்தவர்களின் மோர் எஃப்ரெம் தேவாலயம் திறந்தது. குடியரசின் நூறாண்டில் புதிதாகக் கட்டப்பட்ட முதல் தேவாலயம். அதிபரே திறப்பு விழாவுக்கு வந்தார். அந்த இடம் முன்பு லத்தீன் கத்தோலிக்கரின் கல்லறை நிலம். ஒரு சிறுபான்மையிடம் எடுத்ததை இன்னொரு சிறுபான்மைக்குக் கொடுக்கும் கொடைத்தன்மை!

மறுபக்கம் 1934 முதல் அருங்காட்சியகமாக இருந்த ஹாகியா சோஃபியா 2020இல் மசூதி. முதல் தொழுகைக்குத் தேர்ந்தெடுத்த நாள் ஜூலை 24, லோசான் ஒப்பந்தம் கையெழுத்தான நாள். கணக்குப் போட்டு வைத்த நாள். அலெவிகளுக்கு 2022இல் தனி அமைப்பு ஒன்று கிடைத்தது, பண்பாடு மற்றும் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ். வழிபாட்டைச் சுற்றுலாவோடு சேர்த்துவிட்டார்கள் என்று பல அலெவிச் சங்கங்கள் கொதித்தன.

தலையங்கி விவகாரத்தையும் விட்டுவிட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் முக்காடு போட்ட பெண்களைப் பத்தாண்டுக் கணக்கில் வாசலில் நிறுத்தியது பழைய லாயிக்லிக். பெரும்பான்மையினரின் மனத்தில் தாங்களே ஒடுக்கப்பட்டவர்கள் என்ற எண்ணம் பதிய அதுவும் காரணம்.

---

மறுகரை எழுதியது:

கிரீசைப் பற்றி ஒருவரும் பேசாதது வியப்பு. பரிமாற்றத்தில் விலக்குப் பெற்றவர்கள் இரண்டு கூட்டம்: இஸ்தான்புல் கிரேக்கர், கிரீசின் மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்கள். கிரீஸ் மதச்சார்பற்ற நாடே இல்லை. வைதீகத் திருச்சபை 'நிலவும் மதம்' என்று அரசமைப்பிலேயே இருக்கிறது. அங்கே என்ன நடந்தது? குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 'கிரேக்க வம்சாவளி அல்லாத' ஒருவர் திரும்பும் எண்ணமின்றி நாட்டை விட்டுப் போனதாகக் கருதினால் குடியுரிமையைப் பறிக்கலாம் என்றது. 1998இல் ரத்தாகும்வரை சுமார் 60,000 பேர் இழந்தார்கள், பெரும்பாலோர் திரேஸ் முஸ்லிம்கள். மேற்படிப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் எல்லையில் 'நீ எங்கள் ஆள் இல்லை'.

இன்னொரு வேடிக்கை. துருக்கி தன் நாட்டு அலெவிகளையும் குர்துகளையும் 'முஸ்லிம்கள், ஆகவே சிறுபான்மை இல்லை' என்கிறது. கிரீஸ் தன் நாட்டுத் துருக்கியரை 'முஸ்லிம் சிறுபான்மை, ஆகவே துருக்கியர் இல்லை' என்கிறது. க்சாந்தி ஊரில் ஒரு சங்கம் பெயரில் 'துருக்கி' என்ற சொல் இருந்ததற்காகவே கலைக்கப்பட்டது. 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்றது. ஒன்று மதச்சார்பற்ற அரசு, மற்றது மதச்சார்புள்ள அரசு. பூட்டு ஒரே கடையில் வாங்கியது.

---

கறார்பேர்வழி எழுதியது:

மறுகரையின் பதிவு என் வாதத்துக்குத்தான் துணை: மதச்சார்பின்மை இல்லாத இடத்திலும் இதே கதை. ஏட்டுச்சுவடி ஐயா இதைத் தன் வாதத்துக்குத் துணை என்பார். இருவரும் எடுத்துக்கொள்ளலாம், தட்டு நிறைய இருக்கிறது. ஆனால் அந்த ரகசிய எண் விவகாரம் எனக்குப் புதியது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

வழிப்போக்கன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரே முற்றத்திலிருந்து இவ்வளவு கிளம்பும் என்று நினைக்கவில்லை. 1955 இரவில் அந்த மடத்தையும் தாக்கி, மறைமுதல்வர்களின் கல்லறைகளை உடைத்தார்கள் என்று பிறகு படித்தேன். நான் போனபோது பின்முற்றத்தில் பூனைகள் படுத்திருந்தன.

சாயப்பட்டறை அண்ணா, உங்களுக்குத் துருக்கி தெரியும் என்பதால் ஒரு வேலை. ஒரு கல்லில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து நோட்டில் குறித்தேன். இரண்டாம் வரி 'நிக்தெலி' என்று வருகிறது. மூன்றாம் வரி 'பக்கல்'. முதல் வரி முழுவதும் தேய்ந்திருக்கிறது.

---

சாயப்பட்டறை எழுதியது:

'நிய்தேலி' என்று படியுங்கள். நிய்தே ஊர்க்காரர். 'பக்கால்' மளிகைக்கடைக்காரர். எங்கள் தெருமுனைக் கடையின் பலகையிலும் அதே சொல்தான் இருந்தது. முதல் வரியில் பெயர் இருந்திருக்கும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

தேய்ந்த கல்லை நேர் வெயிலில் படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலையில் சாய்வெயில் விழும்போது, கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். மறுபடி யாராவது போகிறார்களா?

---

வழிப்போக்கன் எழுதியது:

ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே சுனைத் திருவிழாவாம். என்னோடு வந்த நண்பர் போவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கல் என்று எழுதி அனுப்புகிறேன்.